பழைய சிபி ரேடியோவில் ஓயாத 'ம்ம்ம்' சத்தம்: கோளாறு செட்டிலா, உங்க வீட்டு கரண்டிலா?

மாமா வீட்டுப் பரணில் இருந்தோ, ஆன்லைன் ஏலத்தில் இருந்தோ ஒரு பழைய சிபி பேஸ் ரேடியோ உங்கள் டெல்லி ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரப்பெட்டி, பெரிய டயல், மேசை மைக். பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஆன் செய்தால் குரலை விட 'ம்ம்ம்' என்ற உறுமல்தான் அதிகம் கேட்கிறது. என்ன செய்வது?

முதலில் ஒன்று: இன்னும் பிளக்கில் சொருகவில்லை என்றால், சொருகாதீர்கள்.

சிபி என்பது சிட்டிசன்ஸ் பேண்ட். அமெரிக்காவில் 1958-ல் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பொதுமக்கள் பேசிக்கொள்ள ஒதுக்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது லாரி டிரைவர்கள் 'எந்த பங்க்கில் டீசல் இருக்கு' என்று இதில்தான் விசாரித்துக்கொண்டார்கள். வண்டியில் வைப்பது மொபைல் செட். வீட்டு மேசையில் வைத்து மெயின் கரண்டில் ஓட்டுவது பேஸ் செட். பிரவுனிங் கோல்டன் ஈகிள், டிராம் டி201 போன்றவை வால்வு காலத்துப் பேர் போன செட்டுகள். கோப்ரா 2000 பின்னால் வந்த டிரான்சிஸ்டர் செட்.

அமெரிக்க செட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. டெல்லியில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் செட்டின் உள் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். ஏற்கெனவே தளர்ந்த கண்டன்சருக்கும் வேலை கூடும். பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்த பிறகே அடுத்த அடி.

முதல் முறை ஆன் செய்யும்போது, ஸ்டெப்-டவுனுக்கு முன்னால் ஒரு 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போடுங்கள் (எல்.ஈ.டி. வேலைக்கு ஆகாது). பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே நிறுத்திவிடுங்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலேயே பாதி விடையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆன்டெனா வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் செட் மேல் குற்றமில்லை. வெளியில் இருந்து வருகிறது. எல்.ஈ.டி. பல்பு, லேப்டாப் சார்ஜர், இன்வெர்ட்டர், கீழே நிற்கும் இ-ரிக்‌ஷாவின் சார்ஜர் என 27 மெகாஹெர்ட்ஸில் குப்பை கொட்டும் சாமான்கள் நம் வீடுகளில் ஏராளம். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமா? பல டிரான்சிஸ்டர் பேஸ் செட்டுகளில் 13.8 வோல்ட் டி.சி. சாக்கெட் இருக்கும். ஃபியூஸ் வைத்து, பிளஸ் மைனஸ் பார்த்து, 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் போய்விட்டால் செட்டின் மெயின் பவர் சப்ளைதான் குற்றவாளி.

ஆன்டெனா இல்லாமலும் உறுமுகிறதா? வால்யூமைக் குறையுங்கள். அப்படியும் உறுமல் அதே அளவில் இருந்தால் கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால், பெரும்பாலும் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டன்சரில். (பாடப்புத்தகத்தில் அது கெப்பாசிட்டர், ரிச்சி தெருவிலும் சரி, செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் லஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் சரி, கண்டன்சர் என்று கேட்டால்தான் கையில் வரும்.) உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்துபோக, ஏ.சி.யின் மேடுபள்ளத்தை அதனால் நிரவ முடிவதில்லை. நம் ஊரில் அது 100 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கும். அதைவிடத் தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் என்றால் எர்த் இணைப்பையோ, வால்வுக்குள் ஹீட்டர் கசிவையோ சந்தேகிக்க வேண்டும்.

மற்ற சத்தங்களுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. திருகும்போது 'கரகர' என்றால் வால்யூம் அல்லது ஸ்குவெல்ச் பாட்டில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு போதும், துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கிற ஸ்ப்ரே வேண்டாம். படகு மோட்டார் மாதிரி 'புட்புட்' என்றால் டீகப்ளிங் கண்டன்சர் செத்து, ஒரு ஸ்டேஜின் சத்தம் பவர் லைன் வழியாக இன்னொன்றுக்குப் போகிறது. பென்சிலால் லேசாகத் தட்டினால் வால்வு மணி போல் ஒலிக்கிறதா? அந்த வால்வை மாற்றுங்கள். குரல் கரகரத்து, அவுட்புட் வால்வின் தகடும் சிவந்தால் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது. இதை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடாதீர்கள். வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போய்விடும்.

யூடியூப் பார்த்து நாமே பிரிக்கலாமா?

டிரான்சிஸ்டர் செட் என்றால், சால்டரிங் பழகியவர் நிதானமாகச் செய்யலாம். வால்வு செட் வேறு கதை. அதில் 250, 300 வோல்ட் டி.சி. ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் தங்கியிருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். சில கிலோ ஓம் உள்ள 5 வாட் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்கணும். இந்த வரியைப் படிக்கும்போதே தயக்கம் வந்தால், வால்வு ஆம்ப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே சரி.

புது கண்டன்சரின் வோல்ட் அளவு பழையதை விடக் குறையவே கூடாது. பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். டெல்லி மே மாத வெயிலை நினைத்து, 85 அல்ல, 105 டிகிரி ரகமாகக் கேட்டு வாங்குங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் கண்டன்சரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

சரி செய்தாச்சு, பேசலாமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். இந்தியாவில் 2005 விதிகளின்படி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள் இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அமெரிக்க 40 சேனல் செட் 27.405 வரை போகும். அதாவது 28-வது சேனலில் இருந்து (27.285) மேலே எல்லாமே நம் எல்லைக்கு வெளியே. தவிர, மாடல்களுக்கு இங்கே வாங்க வேண்டிய எக்யூப்மென்ட் டைப் அப்ரூவல், அந்தக் கால இறக்குமதி செட்டுக்கு எங்கே இருக்கப் போகிறது? 2025 மே மாதம் வாக்கி டாக்கி விற்பனை தொடர்பாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் தளங்களுக்கு 13 நோட்டீஸ்கள் அனுப்பியது. கெடுபிடி கூடியிருக்கும் நேரத்தில், தகவல் தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் கேட்காமல் மைக் பட்டனை அழுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த ஆசைக்கு முறையான வழி ஹாம் ரேடியோ தேர்வு.

கேட்பதிலேயே வேண்டிய அளவு சுவாரசியம் இருக்கிறது. சூரியன் அதன் உச்சகட்டச் செயல்பாட்டுக் காலத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. இத்தகைய ஆண்டுகளில் 27 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அயனி மண்டலத்தில் பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். எனவே ஒரு மத்தியானம் உங்கள் செட்டில் புரியாத மொழியில் யாரோ பேசினால், அதற்காக மூடியைக் கழற்றாதீர்கள். அது கோளாறு இல்லை.