மூன்று மாதம் தங்கிய விருந்தாளி

அன்னை மரியாள் தம் உறவினரான எலிசபெத்தைச் சந்திக்கச் சென்ற நிகழ்வை விவரிக்கும் நற்செய்தியாளர் லூக்கா, அதன் முடிவில் மிகச் சாதாரணமான ஒரு தகவலையும் தருகிறார். மரியாளின் அந்தத் தங்கல் சுமார் மூன்று மாத காலம் நீடித்தது என்றும், அதன்பின் அவர் தமது ஊருக்குப் புறப்பட்டார் என்றும் அறிகிறோம் (லூக் 1:56). மறையுரைகளில் நாம் பெரும்பாலும் இவ்வசனத்தைக் கடந்து சென்றுவிடுகிறோம். ஆயினும் வெளிநாட்டில் சிறு பிள்ளைகளோடு வாழ்ந்துகொண்டு ஊரிலிருந்து பெற்றோரை அழைக்கும் குடும்பங்களுக்கும், அவ்வாறு அழைக்கப்பட்டுச் செல்லும் பெற்றோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பல ஆண்டுகள் இறையியல் பயின்றும் எனக்கு அது விளங்கியது கனடாவில், என் தங்கையின் வீட்டில்தான்.

1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின்னர் எம்மவர் பல்லாயிரவர் கனடாவில் குடியேறினர். அவர்களின் பெற்றோர் அங்கு சென்று நீண்டகாலம் தங்குவதற்கு வழிசெய்யும் 'சுப்பர் விசா' 2011 டிசம்பரில் அறிமுகமானது. 2022 ஜூலை முதல் இவ்வனுமதி பெற்றவர் ஒரே தடவையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். அழைக்கும் பிள்ளைக்குப் போதிய வருமானம் இருத்தல் வேண்டும். வருபவருக்கு ஆகக் குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலருக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். இத்தனை செலவையும் அலைச்சலையும் பிள்ளைகள் அன்பினாலேயே ஏற்கின்றனர். அதேவேளை, கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவர் தேவை என்ற எண்ணமும் அவ்வழைப்பில் கலந்திருக்கிறது. அதில் குற்றம் ஏதுமில்லை. மரியாளும் உதவும் மனத்துடனேயே விரைந்து சென்றார்.

2023 செப்டெம்பரில் எழுபத்திரண்டு வயதான என் தாயார் யாழ்ப்பாணத்தின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ரொறன்ரோ சென்றார். தங்கைக்கு ஆறு வயதில் ஒரு மகனும் மூன்று வயதில் ஒரு மகளும் உள்ளனர். தங்கைக்குப் பகல் வேலை. மைத்துனருக்கு இரவு வேலை. மறு ஆண்டு ஜனவரியில் இரு வார விடுமுறையில் நானும் அங்கு சென்றேன். மாடிக் குடியிருப்பின் பதினான்காம் தளத்தில், பனி மூடிய வீதியைப் பார்த்தபடி யன்னலோரம் அமர்ந்திருந்த தாயார் மெல்லிய குரலில் கூறினார்:

"தம்பி, இங்க எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாடு இருக்கு, சூடு இருக்கு. கதைக்கத்தான் ஆள் இல்லை. பெரிய வெள்ளிக்கு முதல் என்னை ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லு."

அன்றிரவு சமையலறையில், மறுநாள் பிள்ளைகள் கொண்டுசெல்லும் உணவைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்த தங்கையின் கண்கள் கலங்கின.

"அண்ணா, அம்மா வந்த நாள் தொடக்கம் குறைதான் சொல்லுறா. பிள்ளையளுக்குத் தமிழ் தெரியாது, வீட்டில செபமாலை இல்லை எண்டு. நான் என்ன செய்யிறது? வேலையால வந்தால் இருக்கவும் நேரமில்லை."

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. காலையில் தங்கை தாயாரிடம் கூறிச் செல்வது பால், மருந்து, பாடசாலை பஸ் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கும். மாலையில் திரும்பியதும் கேட்பது, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்பதை. தாயார் மகளுக்குக் கூறுவதோ, அவ்வீட்டில் செய்யப்படாதவற்றைப் பற்றியே. நான்கு மாதங்களாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், ஒருவர் மற்றவரின் மனநிலையை ஒருநாளேனும் விசாரித்திருக்கவில்லை. என்னையும் நான் குற்றஞ்சாட்டியே ஆகவேண்டும். ஞாயிறுதோறும் தாயாருக்குத் தொலைபேசி எடுத்து, "குளிருக்குக் கவனமாயிருங்கோ" என்று கூறிவிட்டு இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுபவன் நான்.

அன்று மாலைச் செபத்தில் வழமைபோல மரியாளின் பாடலைச் செபித்தபோது, அது ஓர் உறவினர் வீட்டு வாசலில் பிறந்த பாடல் என்பது நினைவுக்கு வந்தது. லூக்கா நற்செய்தியை மீண்டும் திறந்தேன். நாசரேத்திலிருந்து யூதேயாவின் மலைநாட்டுக்குப் பல நாள் பயணம். களைத்து வந்த மரியாள் முதலில் செய்தது வாழ்த்துக் கூறுதல். அந்த வாழ்த்தை லூக்கா மூன்று தடவை குறிப்பிடுகிறார் (லூக் 1:40, 41, 44). அவர் தண்ணீர் அள்ளியதையோ மாவு பிசைந்ததையோ பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவ்வீட்டின் தலைவரான செக்கரியா அப்போது பேச்சிழந்திருந்தவர் என்பதையும் நாம் மறக்கலாகாது. கதைக்க ஆளில்லாத அந்த வீட்டில் ஒரு மனிதக் குரல் அன்போடு ஒலித்தது. கருவிலிருந்த குழந்தையும் மகிழ்ந்தது. எலிசபெத்தும், உதவிக்கு ஒரு பெண் கிடைத்தாள் என்று எண்ணவில்லை. தம் வீட்டுக்கு வந்திருப்பவர் யார் என்பதை உணர்ந்து, அதற்குத் தாம் தகுதியற்றவர் என்று வியந்தார்.

மறுநாள் உணவு மேசையில் அப்பகுதியைத் தாயும் மகளும் கேட்க வாசித்தேன். அறிவுரை எதுவும் கூறவில்லை. நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் தங்கை எழுந்து தாயாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, அருகிலேயே அமர்ந்துகொண்டாள். அன்று தொடங்கிய பழக்கம் நிலைத்தது. வேலையால் வந்ததும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும் முன், தாயோடு ஒரு தேநீர்; பத்து நிமிடக் கதை. தாயாரும் குறை கூறுவதை நிறுத்தி, தம்மால் இயன்றதைச் செய்யத் தொடங்கினார். இரவில் பிள்ளைகள் படுக்கைக்குப் போகும்போது அவர்களின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை அடையாளம் வரைந்து, இயேசுவின் பெயரைத் தமிழில் சொல்லுவார். முதல் நாள் சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் புறப்படும் வாரத்தில் அவளே அம்மம்மாவைத் தேடிச் சென்று நெற்றியைக் காட்டினாள். தாயார் பெரிய வெள்ளிக்குப் பின்னரும் தங்கி, மே மாதத்திலேயே ஊர் திரும்பினார்.

புதிய ஏற்பாட்டில் 'பாட்டி' என்னும் சொல் ஒரேயொரு இடத்தில் மட்டுமே வருகிறது. திமொத்தேயுவின் விசுவாசத்தைப் புகழும் புனித பவுல், அது அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் முன்னரே குடிகொண்டிருந்தது என்கிறார் (2 திமொ 1:5). திமொத்தேயுவின் தந்தை கிரேக்கர் (திப 16:1). வேற்று மொழியும் வேற்றுப் பண்பாடும் சூழ்ந்த லிஸ்திராப் பகுதியிலே ஒரு பாட்டியின் விசுவாசம் பேரனைச் சென்றடைந்திருக்கிறது. ஸ்காபரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் வளரும் எம் பிள்ளைகளுக்கும் இது இயலாததன்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு, தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தி, புனிதர்கள் சுவக்கின், அன்னா திருவிழாவை அண்டிய ஜூலை நான்காம் ஞாயிறை அதற்கென ஒதுக்கியதன் கருத்தும் இதுவே.

வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகளே, உங்கள் பெற்றோர் உங்கள் குழந்தைகளைப் பார்ப்பதற்கு முன், நீங்கள் உங்கள் பெற்றோரைப் பாருங்கள். அவர்களை ஞாயிறு திருப்பலிக்கு அழைத்துச் செல்லுங்கள்; தம் வயதினரோடு தம் மொழியில் உரையாட வழி செய்யுங்கள். பயணம் செல்லும் பெற்றோரே, மகளின் வீட்டை அளந்து பார்க்கும் கண்களோடு செல்லாதீர்கள். அங்கு களைத்துப்போன ஒரு மகள் உங்கள் வாழ்த்துக்காகக் காத்திருக்கிறாள். மரியாள் திரும்பிச் சென்றதையும் இரு சாராரும் நினைவில் கொள்வோம். ஐந்து ஆண்டுகளுக்கு அனுமதி உண்டு என்பதால், ஊரையும் கோவிலையும் கணவரின் கல்லறையையும் நினைத்து ஏங்கும் ஒரு தாயை நம் வசதிக்காக ஐந்து ஆண்டுகள் மறித்து வைத்தல் அன்பாகாது. மகிழ்வோடு வழியனுப்பத் தெரிந்த வீட்டுக்கே விருந்தாளி மீண்டும் வர விரும்புவார்.

கோடைக்காலத்தில் அங்கு இரவு எட்டு மணி ஆகும்போது இங்கு மறுநாள் அதிகாலை ஐந்தரை. திருப்பலிக்குப் புறப்படும் முன் தாயார் கைத்தொலைபேசியைத் திறப்பார். திரையில் சின்னவளின் நெற்றி மட்டுமே தெரியும், அவ்வளவு நெருக்கமாக அதை வைத்திருப்பாள். தாயார் கண்ணாடித் திரையின் மீது பெருவிரலால் சிலுவை அடையாளம் வரைவார்.

இவ்வாரம் எங்கள் வீடுகளிலும், கடல் கடந்த வீடுகளிலும், வேலை சொல்வதற்கு முன்னும் குறை சொல்வதற்கு முன்னும் ஒரு வாழ்த்து ஒலிக்கட்டும். எலிசபெத்தின் இல்லத்தை மகிழ்வால் நிரப்பிய இறைவன் எம் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.