எத்தனை டிகிரியில் சுட்டது?

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் மண்ணைத் தோண்டினால் வெள்ளை நரம்புகள் ஓடுவது தெரியும். ஊர்க்காரர்களுக்கு அது வெள்ளைக்கல். தொழிற்சாலைக்காரர்களுக்கு மேக்னசைட். அதன் பெயரிலேயே அங்கு ஒரு ரயில் நிலையமும் உண்டு: மேக்னசைட் ஜங்ஷன்.

வேதியியல்படி இது மெக்னீசியம் கார்பனேட். மெக்னீசியம் மிகுந்த டியூனைட் பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கரைந்த நீர் காலங்காலமாக ஊறியதால் விளைந்தது. அதே வினையில் பிரிந்த சிலிக்காவும் கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சுத்தியலால் தட்டிக் கையால் பிரித்தெடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சுண்ணாம்புக்கல் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்கும். இந்தக் கல்லோ சும்மா கிடக்கும். குளிர்ந்த அமிலத்துக்கு அது எளிதில் அசைவதில்லை.

அசைப்பது நெருப்புதான். 100 கிலோ தூய மேக்னசைட்டைச் சுட்டால் 52 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். மிச்சம் 48 கிலோ மெக்னீசியா. எந்தச் சூட்டில் சுட்டார்கள் என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமையும்.

700 முதல் 1,000 டிகிரி செல்சியஸில் சுட்ட பொடியில் நுண்துளைகள் ஏராளம்; எதனோடும் சட்டென்று வினைபுரியும். இதை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் குழைத்தால் கல்லாக இறுகும் என்று 1867-ல் கண்டவர் பிரான்சின் சோரல். மாவு மில்லில் சுழலும் எமரிக்கல்லில் எமரித் துகள்களைக் கட்டிப் பிடித்திருப்பது இந்தக் கலவைதான். ரப்பர், உரம், மாட்டுத் தீவனம் ஆகியவற்றுக்கும் இந்தப் பொடி போகிறது.

1,500 டிகிரிக்கு மேல் சுட்டால் துளைகள் அடைபட்டுத் துகள்கள் இறுகிவிடும். தண்ணீர்கூட அதை லேசில் தீண்டாது. உருக்காலைக்கு வேண்டியது இதுதான். உருக்கு ஏறக்குறைய 1,600 டிகிரியில் உருகிக் கிடக்கிறது. மெக்னீசியா உருகவோ 2,800 டிகிரி வேண்டும். ஆனால், வெப்பம் தாங்குவது மட்டும் போதாது. உலையில் மிதக்கும் கசடு சுண்ணாம்பு நிறைந்தது, காரத்தன்மை உள்ளது. சிலிக்கா செங்கல்லை அது அரித்துத் தின்றுவிடும். மெக்னீசியாவும் காரத்தன்மை கொண்டதால் அந்த அரிப்பை எதிர்த்து நிற்கிறது.

மின்வில் உலையில் உருக்கியே எடுத்தால் மூன்றாவது அவதாரம். பழுதான வாட்டர் ஹீட்டர் ராடை அறுத்துப் பாருங்கள்: நடுவே சுருள் கம்பி, அதைச் சுற்றி இறுகத் திணித்த வெள்ளைப் பொடி. மின்சாரத்தைத் தடுத்து, வெப்பத்தை மட்டும் கடத்திவிடும் பொடி அது. இப்படி இரண்டு குணமும் ஒன்றாக வாய்த்த பொருள்கள் குறைவு. உறையில் விரிசல் விழுந்தால் அந்தப் பொடி ஈரம் குடிக்கும், ஷாக் அடிக்கும். அத்தகைய ராடை ஒட்டுப்போட்டு ஓட்டாமல் தூக்கி எறிவதே நல்லது.

இத்தனை பயனுக்கும் விலை அந்த 52 கிலோ வாயு. சூளைக்கு எரிக்கும் எரிபொருளின் புகை தனி. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட முடியுமா, அதாவது காற்றிலுள்ள கரியமில வாயுவை மேக்னசைட்டாக்கிப் பூட்டிவைக்க முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. இயற்கைக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் வேலை இது. கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இயான் பவரின் குழு, நுண்ணிய பாலிஸ்டைரீன் மணிகளை வினையூக்கியாக வைத்து, அறை வெப்பநிலையிலேயே 72 நாள்களில் மேக்னசைட்டை உருவாக்கிக் காட்டியதாக 2018-ல் அறிவித்தது. மணிகள் தேயவில்லை, மறுபடி பயன்படுத்தலாம். ஆய்வகக் குடுவையிலிருந்து அது இன்னும் தொழிற்சாலை அளவுக்கு வளர வேண்டும்.