கல்லூரி மாணவர்கள் இந்தியத் தரைப்படை அதிகாரியாகும் வழிகள்

இந்தியத் தரைப்படையில் கல்லூரி மாணவர்கள் அதிகாரியாகச் சேர்வதற்கு எழுத்துத் தேர்வு வழியாகவும் எழுத்துத் தேர்வு இன்றியும் நுழைவுகள் உள்ளன. இவை ஆள்சேர்ப்புத் திடலில் ஓடித் தேர்வாகும் வீரர் நிலையிலிருந்து வேறானவை. 2022இல் தொடங்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் வீரர்கள் 4 ஆண்டுகளுக்கே சேர்க்கப்படுகின்றனர். அவர்களில் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிலைப்பணி பெறுவர். எனவே பட்டம் பெறும் மாணவர் அதிகாரி நுழைவுகளை அறிந்திருப்பது இன்றியமையாதது.

எழுத்துத் தேர்வு

ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை ஒன்றியப் பொதுப் பணித் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாதமிக்கு விண்ணப்பிப்போர் ஆங்கிலம், பொது அறிவு ஆகிய இரு தாள்களை மட்டும் எழுதுவர். தேராதூன் இந்தியப் படைத்துறை அகாதமிக்குக் கணிதமும் உண்டு. பொது அறிவு, கணித வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைவதால், தமிழ்வழியில் பயின்றோருக்கு ஆங்கிலப் பயிற்சியே முதல் தடை.

தேசிய மாணவர் படை வழி

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழ் பெற்றவருக்கு எழுத்துத் தேர்வு இல்லை. பட்டப்படிப்பில் 50 விழுக்காடும், சான்றிதழில் குறைந்தது 'பி' தரமும் வேண்டும். இச்சான்றிதழைப் பெறச் சில ஆண்டுகள் தொடர்ந்து பயிற்சி பெறவேண்டும். ஆகவே மண்டைக்காட்டிலிருந்து நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலோ தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியிலோ சேரும் மாணவர், முதலாண்டிலேயே மாணவர் படையில் பெயர் பதியவேண்டும். மூன்றாம் ஆண்டில் இவ்வழியைக் கேள்விப்படுவோருக்கு அது பெரும்பாலும் கைநழுவியதே. பொறியியல் பட்டதாரிகளுக்கு எழுத்துத் தேர்வு இல்லாத தொழினுட்ப நுழைவுகள் தனியே உள்ளன.

நேர்முகத் தேர்வு

எவ்வழியில் வந்தாலும் பணித் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் தேர்வைத் தவிர்க்க இயலாது. சென்னை அகாதமிக்கு எழுத்துத் தேர்வுக்கு 200 மதிப்பெண், இதற்கும் 200. முதற்கட்டத்தில் தேறாதோர் உடனே திருப்பி அனுப்பப்படுவர். தேறியோருக்கு உளவியல் தேர்வு, குழுப் பணிகள், நேர்காணல் ஆகியன தொடரும். தென்னாட்டினருக்கு அண்மையிலுள்ள தரைப்படைத் தேர்வு மையம் பெங்களூரில் உள்ளது. ஒரு வகை நுழைவுக்கு முதன்முறை வருவோருக்குத் தொடர்வண்டிக் கட்டணம் திருப்பித் தரப்படும் என்பது பலர் அறியாத செய்தி.

பயிற்சி

சீனப் போரையடுத்து 1963இல் தொடங்கப்பட்ட பரங்கிமலைப் பயிற்சிப் பள்ளியே 1988 முதல் அதிகாரிகள் பயிற்சி அகாதமி எனப்படுகிறது. 1992 முதல் பெண்களும் இங்குப் பயில்கின்றனர். குறுகிய காலப் பணி 10 ஆண்டுகள். மேலும் 4 ஆண்டுகள் நீட்டிக்கலாம். பெண் அதிகாரிகளுக்கும் நிலைப்பணி வழங்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.