வரி வரியாக நிற்கும் மேகம்... 90 கி.மீ. உயரத்தில் பருவம் மாறுவதை நெல்லை ரேடார் பார்ப்பது எப்படி?

திருவாதவூர் வயல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தால், சில நாள்களில் மேகம் உழுத நிலம் மாதிரி வரி வரியாகக் கிடக்கும். ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்த வரிகள் பல நேரங்களில் காற்றில் எழும் அலைகளின் தடம். இவற்றை வளிமண்டல ஈர்ப்பு அலைகள் என்கிறார்கள்.

2015-ல் லைகோ கண்டுபிடித்ததே, அதுவா?

இல்லை. அது கருந்துளைகள் மோதியதில் வந்த அலை. இது நம்ம ஊர்க் காற்றின் ஊசலாட்டம். மேலே தள்ளப்பட்ட காற்றைப் புவியீர்ப்பு கீழே இழுக்கும். அது கொஞ்சம் கூடுதலாகவே இறங்கிவிட, மிதப்பு விசை மறுபடி மேலே தள்ளும். ஊஞ்சல் கணக்குதான். ஒரு ஆட்டத்துக்குச் சில நிமிடங்களும் ஆகலாம், பல மணி நேரமும் ஆகலாம்.

எங்கிருந்து கிளம்புகிறது?

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி இறங்கும்போது, மதுரைப் பக்கம் கோடையில் சாயங்கால இடிமழை கொட்டும்போது, ஐப்பசி அடைமழையின்போது என்று பல வழிகளில். உயரே போகப் போகக் காற்று லேசாவதால் அலை பெரிதாகும். 90 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி, தரையில் இருப்பதில் லட்சத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

அவ்வளவு உயரத்தில் எப்படி அளக்கிறார்கள்?

வானிலை பலூன் சுமார் 35 கி.மீ. வரைதான் போகும். அதற்கு மேலே ரேடார் வேண்டும். மதுரைக்குத் தெற்கே, திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் 1992-ல் ஒரு ரேடாரை அமைத்தது. அது 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ துடிப்புகளை மேலே அனுப்பும். ஏறக்குறைய 70 முதல் 98 கி.மீ. உயரத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியை, தள்ளித் தள்ளி வைத்த ஆன்டெனாக்கள் பிடிக்கும். எதில் முதலில் வருகிறது, எதில் தாமதமாக வருகிறது என்பதை வைத்துக் காற்றின் திசையும் வேகமும் கணக்கிடப்படும். அந்தக் காற்றில் தெரியும் ஏற்ற இறக்கம்தான் அலை.

பருவத்துக்குப் பருவம் ஏன் மாறுகிறது?

கீழே எத்தனை அலை கிளம்பினாலும், நடுவில் வீசும் காற்றுதான் டோல்கேட். காற்று போகும் திசையில் அதே வேகத்தில் வரும் அலை அங்கேயே அடங்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேல் சுமார் 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக்காற்று பாயும். மேற்கு நோக்கி வரும் அலைகளில் பல அதில் மாட்டிக்கொள்ளும். எதிர்த்திசை அலைகள் தப்பித்து மேலே போகும். சீசன் முடிந்து அந்தக் காற்று மறைந்தால், கணக்கும் மாறிவிடும்.

சரி, இதனால் நமக்கு என்ன?

வானிலை மாடல்கள் வானத்தைப் பல கி.மீ. அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. சின்ன அலைகள் கட்டத்துக்குள் நழுவிவிடும். அவற்றின் விளைவை உத்தேசமாகத்தான் சேர்க்கிறார்கள். உத்தேசம் தப்பினால், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 28 மாதச் சுழற்சியில் திசை மாறும் காற்றுகூடத் தப்பாக வரும். நீண்டகாலக் கணிப்பில் அந்தக் காற்றுக்கும் பங்கு உண்டு.

ஒரு வருட டேட்டாவை வைத்து இது சீசன் மாற்றமா, அந்த வருடத்துக் கூத்தா என்று பிரிக்க முடியாது. ஒரே இடத்தில், வருடக்கணக்கில் பார்த்தால்தான் தெரியும். நெல்லை மாதிரி ரேடார்களின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.