மலை பிரித்த மழை, மனிதர் போட்ட கோடு

ஜூலை மாதம் தேனி மாவட்டத்துக் கோம்பையில் நின்று மேற்கே பாருங்கள். மலையுச்சியில் மேகம் கறுத்துக் கிடக்கும். மேலே ராமக்கல்மேட்டுப் பக்கம் மழை கொட்டும். கீழே நம் தெருவில் காற்றுதான் புழுதியை வாரி அடிக்கும். மிஞ்சிப்போனால் நாலு தூறல். நேர்கோட்டில் சில கிலோமீட்டர்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. உயரம் கூடக்கூட அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், விரிந்தால் குளிரும். அதிலுள்ள நீராவி துளியாகி மழையாகக் கொட்டிவிடும். முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது எல்லாம் தலைகீழ். காற்று அழுந்திச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள்; அதே சூடுதான். சூடான காற்றில் மேகம் கலைந்துவிடும். அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கை மழை மறைவுப் பகுதி என்கிறோம்.

மழை குறைந்த இடத்தில் ஊர் எங்கே அமையும்? கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் என்று ஊர்கள் மலையடிவாரத்தை ஒட்டியே இருக்கின்றன. மலையோடைகள் உருட்டி வரும் மண்ணும் கூழாங்கல்லும் சரிவு குறையும் இடத்தில் தங்கிவிடும். அந்தக் கல்லிடுக்கில் தண்ணீர் இறங்கிக் கிணறுகளில் ஊறும். மேலே மாடு மேய்க்கக் காடு, கீழே உழுவதற்கு நிலம், காவலுக்குப் பெயர்பெற்ற கோம்பை நாய். தமிழ் பேசுவோரோடு கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்களும் பல தலைமுறைக்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறின.

முகட்டில் விழும் மழைத்துளி மேற்கே சாய்ந்தால் பெரியாற்றோடு அரபிக்கடலுக்குப் போகும். கிழக்கே சாய்ந்தால் வைகைக்கு வரும். தமிழக, கேரள மாநில எல்லையும் பெரும்பாலும் இந்த முகட்டை ஒட்டியே போகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னி குயிக் தலைமையில் கட்டி 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணை இந்த இயற்கைக் கணக்கை மாற்றியது. மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே வந்தது. அணை நிற்கும் இடம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். ஆகவே 1886-ல் 999 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. ஆற்றுக்கு எட்டாத மேட்டில் இருக்கும் கோம்பைப் பக்கத்துக்கு 18-ஆம் கால்வாய் வருகிறது.

இனி எல்லைக்கோட்டின் கதை. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. தமிழர் நிறையப் பேர் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கப் பலர் போராடினார்கள். அவை கேரளத்தில் நின்றன. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் நமக்கு வந்தன. அந்தப் போராட்டம் நடந்த காலத்திலேயே, 1955-ல், திருவிதாங்கூர்-கொச்சி அரசு உயர்மலையில் மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றியது. நெடுங்கண்டம் அருகே கல்லாறு அப்படிப்பட்ட ஓர் இடம். கோடு போடும் முன்பே மக்கள் கணக்கு மாறுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மாவட்டக் கோடுகளும் நகர்ந்தன. 1972-ல் மேலே கேரளத்தில் இடுக்கி மாவட்டம் பிறந்தது. 1996-ல் கீழே மதுரையிலிருந்து தேனி பிரிந்தது. 1990-ல் கோம்பையில் பிறந்த அண்ணனுக்குச் சொந்த மாவட்டம் மதுரை. 2000-ல் அதே வீட்டில் பிறந்த தம்பிக்குத் தேனி!

பிழைப்பு மட்டும் கோட்டைப் பார்ப்பதில்லை. ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அதனால் ஏலத்தோட்டங்கள் மேலே கேரளத்தில் இருக்கின்றன. வேலைக்கு ஆட்கள் கீழே தமிழகத்திலிருந்து போகிறார்கள். விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களின் கையில் தூக்குவாளி. கோம்பையிலிருந்து நேரே மேலேற வண்டிப்பாதை கிடையாது. கம்பம் போய், கம்பம்மெட்டு வழியாகச் சுற்ற வேண்டும். அவர்கள் பறிக்கும் ஏலக்காய் உலர்ந்து, மறுபடி மலையிறங்கி, போடிநாயக்கனூர் ஏலத்தில் விலை போகிறது.