கார் ஆம்ப்ளிஃபையருக்கு எந்த வயர்?

கார் ஆடியோவுக்கும் கம்ப்யூட்டர் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, பிடித்த பாடல்களை எல்லாம் சேர்த்து ஒரு பென் டிரைவில் ஏற்றுவது. அந்தப் பென் டிரைவ் அடுத்து காருக்குப் போகும். காருடன் வந்த ஸ்பீக்கரில் கேட்டால் திருப்தி வராது. உடனே ஆம்ப்ளிஃபையர், அதற்கு அடுத்து சப்-வூஃபர். நானும் இந்த வழியாகத்தான் போனேன். போகிற வழியில் காரையே இழக்கப் பார்த்தேன்.

ஆம்ப்ளிஃபையரையும் சப்-வூஃபரையும் பத்து நாள் அலசி ஆராய்ந்து வாங்கினேன். வயரைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கடைக்காரர் கொடுத்த வயர் என் சுண்டு விரல் அளவு தடிமனாக இருந்தது. அதுவே போதும் என்று நினைத்தேன். பேட்டரியில் இருந்து டிக்கி வரை இழுத்து மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் பாட்டு அருமையாகக் கேட்டது. பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் லேசாக மங்கும். அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை.

ஒரு நாள் குடும்பத்துடன் போய்க் கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே இருந்து புகை. வண்டியை ஓரம் கட்டி, முதலில் எல்லோரையும் இறக்கினேன். பிறகு பானெட்டைத் திறந்து, ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். புகை நின்றது. மேட்டைத் தூக்கிப் பார்த்தால், வயரின் மேலுறை ஓரடி நீளத்துக்கு உருகி கார்ப்பெட்டில் ஒட்டியிருந்தது. டிக்கியில் இருந்த ஃப்யூஸ் மட்டும் போகவே இல்லை!

ஃப்யூஸ் ஏன் போகவில்லை? இதைப் புரிந்து கொண்டால் கார் வயரிங்கில் பாதி புரிந்துவிடும். அதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்ப்போம்.

12 வோல்ட் என்றால் ஏன் இவ்வளவு தடிமன்?

உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எஸ்எம்பிஎஸ் 500 வாட் என்று வைத்துக் கொள்வோம். அதற்குச் சுவரில் இருந்து வரும் பவர் கார்டு பென்சில் அளவுகூட இருக்காது. அதே 500 வாட்டுக்குக் காரில் ஏன் விரல் தடிமனில் வயர் வேண்டும்?

சூத்திரம் ஒன்றுதான்: வாட் = வோல்ட் × ஆம்பியர். வீட்டில் 230 வோல்ட். எனவே 500 வாட்டுக்கு இரண்டேகால் ஆம்பியர் போதும். காரில் 12 வோல்ட்தான். அதே 500 வாட்டுக்கு 42 ஆம்பியர் ஓட வேண்டும். வயரைச் சூடாக்குவது ஆம்பியர். அதிலும், ஆம்பியர் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும்.

கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் 8 பின் கனெக்டர் 150 வாட் தரக் கூடியது. அதில் 12 வோல்ட்டுக்கு ஒரு வயருக்குப் பதில் மூன்று வயர்கள் இருக்கும். 12.5 ஆம்பியரை மூன்று வயர்களும் பகிர்ந்து கொள்கின்றன.

உங்கள் ஆம்ப்ளிஃபையர் எத்தனை ஆம்பியர் இழுக்கும்?

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டியில் 3000 வாட் பிஎம்பிஓ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார் ஆம்ப்ளிஃபையர் பெட்டியிலும் இந்த விளையாட்டு உண்டு. "மேக்ஸ்", "பீக்" என்று எழுதிய எண்களை மறந்துவிடுங்கள். கையேட்டில் ஆர்எம்எஸ் வாட் என்று இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது.

ஆம்ப்ளிஃபையர் தான் இழுக்கும் மின்சாரம் முழுவதையும் ஒலியாக வெளியே அனுப்புவதில்லை. ஒரு பகுதி சூடாகப் போய்விடும். சப்-வூஃபருக்கு வரும் கிளாஸ் டி வகையில் சுமார் 80 சதவீதம் பயன்படும். கிளாஸ் ஏபி வகையில் 50 சதவீதம் என்று வைத்துக் கொண்டால் பாதுகாப்பு.

ஓர் உதாரணம். சப்-வூஃபருக்கு 500 வாட் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் ஒன்று. கதவு ஸ்பீக்கர்களுக்கு 50 வாட் வீதம் நான்கு சானல், அதாவது 200 வாட், கிளாஸ் ஏபி.

முதலாவது: 500 ÷ 0.8 = 625 வாட். இதை 12 ஆல் வகுத்தால் 52 ஆம்பியர்.
இரண்டாவது: 200 ÷ 0.5 = 400 வாட். 12 ஆல் வகுத்தால் 33 ஆம்பியர்.
மொத்தம் 85 ஆம்பியர்.

பாட்டு எப்போதும் முழு வேகத்தில் ஒலிப்பதில்லை. எனவே சராசரி இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் வயரை உச்சத்துக்குத்தான் கணக்கிட வேண்டும். சிறிய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் திறனே 100 ஆம்பியருக்குக் கீழேதான். ஹெட்லைட்டுக்கும் ஏசி ஃபேனுக்கும் அதில் இருந்துதான் போக வேண்டும். எனவே ஆம்ப்ளிஃபையரை வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

எக்செல்லில் ஒரு சின்னக் கணக்கு

வயர் மெலிதாக இருந்தால் வழியிலேயே வோல்ட் குறையும். பேட்டரியில் இருந்து ஆம்ப்ளிஃபையர் போவதற்குள் அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது என்பது நான் பின்பற்றும் அளவு. செம்பு வயருக்கான கணக்கு இது:

இழப்பு = ஆம்பியர் × நீளம் (மீட்டரில்) × 0.0172 ÷ வயரின் சதுர மில்லிமீட்டர்

எக்செல்லில் முதல் மூன்று பத்திகளில் ஆம்பியர், நீளம், சதுர மில்லிமீட்டர் ஆகியவற்றைக் கொடுங்கள். நான்காவது பத்தியில் இந்தச் சூத்திரத்தை அமையுங்கள். எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

கார் ஆடியோ வயர்கள் கேஜ் எண்ணில் விற்கப்படுகின்றன. எண் சிறியதாக ஆக, வயர் தடிமனாகும். அமெரிக்க கேஜ் அளவுப்படி:

8 கேஜ் - 8.4 சதுர மி.மீ.
4 கேஜ் - 21 சதுர மி.மீ.
2 கேஜ் - 34 சதுர மி.மீ.
0 கேஜ் - 53 சதுர மி.மீ.

நம் உதாரணத்தில் 85 ஆம்பியர். பேட்டரியில் இருந்து டிக்கி வரை 5 மீட்டர். 8 கேஜ் போட்டால் இழப்பு 0.87 வோல்ட். அதாவது 74 வாட் சூடு வயரிலேயே வீணாகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றை கார்ப்பெட்டுக்கு அடியில் வைத்த மாதிரி! 4 கேஜ் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்தான். எனவே 4 கேஜ்.

செம்பா, செம்புப் பூச்சா?

இங்கேதான் நான் ஏமாந்தேன். விலை குறைந்த வயர்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது அலுமினியம். மேலே மெல்லிய செம்புப் பூச்சு. இதை சிசிஏ என்பார்கள். முழுச் செம்பு வயர் ஓஎஃப்சி எனப்படும். ஒரே தடிமனில் சிசிஏ வயர், செம்பைப் போல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் மின்சாரத்தைக் கடத்தும். எக்செல்லில் வந்த இழப்பை 0.65 ஆல் வகுத்தால் சிசிஏ-வின் இழப்பு கிடைக்கும். நம் உதாரணத்தில் 4 கேஜ் சிசிஏ 0.53 வோல்ட் இழக்கிறது. எனவே சிசிஏ-தான் வாங்க முடியும் என்றால் ஒரு படி மேலே, 2 கேஜுக்குப் போய்விடுங்கள்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டிய முனையில் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியம். மேலும், சிசிஏ கையில் தூக்கினால் லேசாக இருக்கும். மேலுறையின் தடிமனைப் பார்த்து ஒருபோதும் வாங்காதீர்கள். என் வயரை வெட்டிப் பார்த்தபோது, சுண்டு விரல் தடிமனில் முக்கால்வாசி பிளாஸ்டிக்தான் இருந்தது.

ஃப்யூஸ் எங்கே இருக்க வேண்டும்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். எஞ்சினுக்கும் நம் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. அதற்குப் பெயர் ஃபயர்வால். ஆம், கம்ப்யூட்டரில் நீங்கள் கேள்விப்பட்ட அதே பெயர்தான். என் காரில் அதில் துளை போட்டு, ரப்பர் வளையம் மாட்டாமலேயே வயரை இழுத்திருந்தார்கள். வண்டி அதிர அதிர, தகட்டின் கூர்மையான விளிம்பு மேலுறையை அறுத்துவிட்டது. பாசிட்டிவ் வயர் பாடியைத் தொட்டது. பேட்டரியில் இருந்து வந்த மின்சாரம் அங்கேயே பாடியில் இறங்கி, பேட்டரிக்குத் திரும்பிவிட்டது. டிக்கியில் இருந்த ஃப்யூஸ் பக்கமே அது போகவில்லை. பிறகு அது எப்படிப் போகும்?

ஷார்ட் ஆனால் ஒரு கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வீட்டில் உள்ளதைப் போல் டிரிப் ஆக அங்கே எதுவும் இல்லை. எனவே இதை நினைவில் வையுங்கள்: பேட்டரிப் பக்கத்தில் போடும் ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அது பேட்டரியில் இருந்து 45 சென்டிமீட்டருக்குள், ஃபயர்வாலைத் தாண்டும் முன்பே இருக்க வேண்டும். வயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃப்யூஸ் போடக் கூடாது. செம்பு 4 கேஜுக்கு 100 ஆம்பியர், 8 கேஜுக்கு 50 முதல் 60 ஆம்பியர் என்று வைத்துக் கொள்ளலாம். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதாக மாற்றினால், அடுத்து எரிவது வயர்தான்.

இரண்டு ஆம்ப்ளிஃபையர் இருந்தால், டிக்கியில் ஃப்யூஸ் உள்ள ஒரு டிஸ்ட்ரிபியூஷன் பிளாக் வைத்து, அங்கிருந்து இரண்டுக்கும் பிரித்துக் கொடுங்கள்.

எர்த்தும் இணைப்புகளும்

பாசிட்டிவ் வயருக்கு என்ன கேஜோ, அதே கேஜ்தான் எர்த் வயருக்கும். போகிற மின்சாரம் முழுவதும் திரும்பி வர வேண்டும் அல்லவா? நீளம் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பின் மேல் போல்ட் போட்டு இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டாதீர்கள்.

முனைகளில் சரியான அளவு லக் வைத்து நன்றாக அழுத்த வேண்டும். வயர் தடிமனாக இருந்தாலும் இணைப்பு தளர்வாக இருந்தால் அந்த இடம் சூடாகும். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டுகள் சிலவற்றில் 12 வோல்ட் பவர் கனெக்டர் உருகிய செய்தி வந்தது. கனெக்டரை முழுமையாக அழுத்திச் செருகாததே முக்கியக் காரணம் என்று என்விடியா தெரிவித்தது. குறைந்த வோல்ட், அதிக ஆம்பியர், சரியாகப் பதியாத இணைப்பு என்றால் காரிலும் கதை அதுதான்.

ஸ்டீரியோவில் இருந்து வரும் ஆர்சிஏ வயரைக் காரின் ஒரு பக்கமாகவும், பவர் வயரை மறு பக்கமாகவும் கொண்டு போனால் இரைச்சல் வரும் வாய்ப்பு குறையும். சப்-வூஃபருக்குப் போகும் வயருக்கும் கணக்கு உண்டு. 4 ஓம் சப்-வூஃபர்கள் இரண்டை இணையாகக் கொடுத்தால் 2 ஓம் ஆகும். 2 ஓமில் 500 வாட் என்றால் சுமார் 16 ஆம்பியர். இரண்டு மீட்டருக்குள் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். ஆனால் உங்கள் ஆம்ப்ளிஃபையர் 2 ஓமைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கடைக்குப் போகும் முன்

ஆர்எம்எஸ் வாட், ஆம்பியர், நீளம், கேஜ், ஃப்யூஸ் ஆகிய ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் பிரின்ட் எடுத்துக் கொண்டு போங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். ஃபயர்வால் துளையில் ரப்பர் வளையம் மாட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். புதிய கார் என்றால் வாரன்டிக்குப் பாதிப்பு வருமா என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.

முடிந்ததும் அரை மணி நேரம் சத்தமாகப் பாட்டு வைத்துவிட்டு, வயரையும் ஃப்யூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் ஏதோ தவறு இருக்கிறது. ஹெட்லைட் மங்கினால் அதுவும் ஓர் எச்சரிக்கைதான். நான் அதை இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டேன். நீங்கள் விடாதீர்கள்.