தொக்குதாமி: மூலிகையும் மூலமும்

மூலிகைகளின் பெருமையைப் பேசுவார் பலர். அவை எந்த மண்ணில் விளைந்து, எவ்வாறு நம் கைக்கு வந்தன என வினவுவார் சிலரே. சப்பானிய மூலிகையாகிய தொக்குதாமி இன்று தேநீராகவும் மாத்திரையாகவும் முகப்பூச்சாகவும் விற்பனையாகிறது. அதனைத் தேர்ந்து கொள்ளும் முறையை ஈண்டு நோக்குவோம்.

பெயரும் வரலாறும்

'தொக்கு' என்பது சப்பானிய மொழியில் நஞ்சைக் குறிக்கும். நஞ்சை அடக்குவது என்னும் பொருளில் இப்பெயர் அமைந்தது என்பர். மருத்துவ நூலார் இதனைச் 'சூயாக்கு', அதாவது 'பத்து மருந்து' என வழங்குவர். குதிரைகளுக்குக் கொடுக்கப் பத்து வகைப் பயன் தருவதால் இப்பெயர் பெற்றது என்பது, கைபாரா எக்கிக்கென் 1709இல் வெளியிட்ட மூலிகை நூல் தரும் விளக்கமாகும். 1775இல் சப்பானுக்கு வந்த சுவீடன் நாட்டு அறிஞர் துன்பெர்க், இதற்கு ஹூட்டுய்னியா கார்டேட்டா எனத் தாவரவியல் பெயர் சூட்டினார். நம் நாட்டின் அசாம், மேகாலயப் பகுதிகளில் இதே செடி கீரையாக உண்ணப்படுகிறது.

பறிக்கும் பருவம்

ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் இது தானே படர்ந்து வளரும். வெண்ணிற இதழ்கள் நான்கெனத் தோன்றுவன உண்மையில் இதழ்கள் அல்ல; பூவடிச் செதில்களே. பூக்கும் பருவத்தில் நிலத்தின் மேலுள்ள பகுதியை அறுத்து உலர்த்த வேண்டும் என்பது மருந்து நூல் மரபு. பச்சிலையின் கடுமையான நாற்றத்திற்குக் காரணமான பொருள் உலரும்போது நீங்கிவிடும். குவர்சிட்ரின் முதலியன எஞ்சி நிற்கும். ஆகவே தேநீருக்கு உலர்ந்த இலை ஏற்றது. சப்பானிய இல்லங்களில் தோலுக்குப் பூசும் நீரைப் பச்சிலையை மதுவில் ஊறவைத்துச் செய்வர். மூலிகை ஒன்றே, பக்குவம் மாறின் பண்பும் மாறுகிறது.

கொள்வோர் கேட்க வேண்டியவை

சாலையோரத்திலும் கழிவுநீர் ஓடும் இடத்திலும் இச்செடி செழிக்கும். ஆதலின் விளைந்த நிலம் எது, அறுத்த பருவம் யாது, ஈயம், காட்மியம், பூச்சிக்கொல்லி எச்சம் ஆகியவற்றிற்கான ஆய்வுச் சான்று உண்டா என மூன்றையும் கேட்டல் வேண்டும். 'சப்பானிய மூலிகை' என்னும் பெயர் மட்டும் சான்றாகாது. சப்பானில் பயன்படும் மருந்துச் சரக்குகளில் பெரும்பகுதி சீனத்திலிருந்தே வருகிறது.

நம்பிக்கையும் எச்சரிக்கையும்

சீனத்தில் இம்மூலிகையின் சாற்றை ஊசி மருந்தாகச் செலுத்தி வந்தனர். கடும் ஒவ்வாமையும் உயிரிழப்பும் நேர்ந்தமையால் 2006ஆம் ஆண்டில் அரசு அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. உண்ணத் தகும் கீரையாயினும் குருதியில் நேரே கலந்தால் கேடு விளையலாம் என்பதற்கு இது தக்க சான்று. சப்பானிலும் சூயாக்கு மருந்தென ஏற்கப்படினும், உணவாக விற்கும் தொக்குதாமித் தேநீருக்கு நோய் தீர்க்கும் என விளம்பரம் செய்தல் சட்டப்படி கூடாது. பொட்டாசியம் மிகுந்த இத்தேநீரைச் சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது.

இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகி விடாது. மூலமறிந்து கொள்வதே மூலிகைக்கு நாம் செய்யும் மதிப்பாகும்.